ஒடவாராவின் எழுபது வருஷக் கணக்கு

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவிலிருந்து கடற்கரையை ஒட்டித் தென்மேற்கே செல்லும் பழைய ராஜபாட்டையில், சகாமி விரிகுடாவின் அலைகள் ஒருபுறமும் ஹக்கோனே மலைத்தொடரின் சரிவுகள் மறுபுறமும் நெருங்கி வந்து, நடுவே ஒரு சிறு சமவெளியை மட்டும் மனிதனுக்கென்று விட்டுவைத்திருக்கும் இடத்தில், ஒடவாரா என்னும் கோட்டை நகரம் அமைந்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஹோஜோ வம்சத்தாரின் கைக்கு வந்து, ஐந்து தலைமுறைக்காலம் அவர்களுடைய ராஜதானியாக விளங்கி, ஊர் முழுவதையும் உள்ளடக்கி ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் சுற்றளவுக்கு அகழியும் மண்மதிலும் எழுப்பிக்கொண்டு, 1590-ஆம் வருஷத்தில் டொயோட்டோமி ஹிதேயோஷியின் பெருஞ்சேனை ஏறத்தாழ மூன்று மாதம் முற்றுகையிட்ட பிறகே பணிந்த கோட்டை அது.

போர்கள் ஓய்ந்து, டோக்குகாவா வம்சத்தாரின் ஆட்சியில் நாடு இரண்டரை நூற்றாண்டுக்காலம் அமைதியில் இருந்த நாட்களில், பகைவர் ஒருவரும் கிட்டே வராமலே அந்தக் கோட்டை திரும்பத் திரும்ப இடிந்தது, இடித்தது பூகம்பம். இனாபா மசகட்சு என்ற பிரபு அதன் அதிபதியாக நியமனம் பெற்ற மறு வருஷமே, 1633-இல், கோட்டையும் கடைவீதியும் சேர்ந்து நாசமாயின. அதற்கு எழுபது வருஷம் கழித்து, இன்றைய நாட்காட்டியின்படி 1703-ஆம் வருஷத்தின் கடைசி நாளன்று, கோட்டையின் மையக் கோபுரம் இடிந்து தீக்கிரையாயிற்று. அதை 1706-இல் மீண்டும் நிர்மாணித்தார்கள். 1782-இலும், பிறகு 1853-இலும் பூமி அதிர்ந்து கோட்டைக்குச் சேதம் விளைந்தது. பிரபுக்களின் காலம் முடிந்து 1870-க்குப் பின் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை அரசாங்கமே பிரித்து எடுத்துவிட்டது என்றாலும், எஞ்சி நின்ற கல்மதில்களையும், 1901 முதல் கோட்டை வளாகத்தில் இருந்த அரச குடும்பத்து மாளிகையையும், 1923 செப்டம்பர் முதல் தேதி நிகழ்ந்த பெரும் பூகம்பம் சாய்த்துவிட்டது.

1633, 1703, 1782, 1853, 1923. இந்த ஐந்து எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இடைவெளிகளைக் கழித்துப் பார்க்கிற எவருக்கும் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடாமல் இராது: எழுபது, எழுபத்தொன்பது, எழுபத்தொன்று, எழுபது. மழையும் பனியும் போல ஆண்டுதோறும் திரும்புகிற காரியமாக இருந்தால் அதில் அதிசயம் இல்லை. எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது என்று உலகமே ஒப்புக்கொண்டிருக்கும் பூகம்பம், ஒரே ஊரை, ஒரு மனிதனுடைய ஆயுட்காலத்துக்கு ஒரு தடவை என்கிற கணக்கில், ஏறத்தாழ முந்நூறு வருஷம் தவறாமல் வந்து தாக்கியிருக்கிறதே, இது பூமியின் உள்ளமைப்பில் இருக்கும் ஒரு நியமத்தின் வெளிப்பாடா, அல்லது ஐந்தே ஐந்து எண்களில் நம்முடைய கண் தானாகக் கற்பித்துக்கொண்ட ஒழுங்கா?

இந்தக் கேள்விக்குள் புகுமுன், 1633-இல் இன்ன இடத்தில் இன்ன அளவில் பூமி அதிர்ந்தது என்பதை நாம் எப்படி அறிவோம் என்று கேட்பது நியாயம். ஏனெனில் அதிர்வைத் தானே பதிவுசெய்யும் பூகம்பமானி என்ற கருவி ஜப்பானில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. அதற்கு முந்தியவற்றுக்கெல்லாம் ஆதாரம் எழுத்துதான்: கோயில் குறிப்புகள், வணிகரின் நாட்குறிப்புகள், சமஸ்தானக் கணக்குகள். இவற்றோடு, ஜப்பானின் கோட்டை நகரங்களுக்கே உரிய ஓர் ஆதாரமும் உண்டு. டோக்குகாவா ஆட்சியினர் பிரபுக்கள் கலகம் செய்துவிடக் கூடாதே என்ற அச்சத்தால், 1615-ஆம் வருஷம் முதல், எந்தப் பிரபுவும் தன் கோட்டையைத் தன் இஷ்டப்படி பழுதுபார்க்கலாகாது என்று சட்டம் செய்திருந்தார்கள். மதில் சரிந்தாலும், எந்தப் பக்கத்து மதில், எவ்வளவு தூரம் சரிந்திருக்கிறது என்பதைப் படத்தில் குறித்து, விண்ணப்பத்தோடு தலைநகருக்கு அனுப்பி, அனுமதி வந்த பிறகே கல்லை எடுத்து வைக்க வேண்டும். கலகத்தைத் தடுக்க இயற்றிய சட்டம், இயற்றியவர்கள் கனவிலும் கருதாத வகையில், நாடெங்கும் உள்ள கோட்டைகளைப் பூகம்பத்தை அளக்கும் உபகரணங்களாக ஆக்கிவிட்டது. சரித்திரத்தில் இவ்வாறு நன்மையாகத் திரும்பிய கட்டுப்பாடுகள் வேறு பல இருக்குமா என்பது ஐயமே.

இத்தகைய ஏடுகளிலிருந்து ஒவ்வொரு கிராமத்திலும் இருந்த வீடுகள் எத்தனை, விழுந்தவை எத்தனை என்று திரட்டி, விழுந்த விகிதத்தைக் கொண்டு அவ்விடத்து அதிர்வின் கடுமையை மதிப்பிட்டு, சம கடுமையுள்ள இடங்களைப் படத்தில் கோடிட்டு இணைத்தால், கோடுகள் எந்த இடத்தைச் சூழ்ந்து குறுகுகின்றனவோ அங்கேதான் பூகம்பத்தின் பிறப்பிடம் இருந்திருக்க வேண்டும் என்பது அனுமானம். கருவிகளும் பதிவுசெய்த பிற்காலப் பூகம்பங்களில் இதே முறையைப் பிரயோகித்துப் பார்த்து, முறை எவ்வளவு தூரம் பலிக்கிறது என்பதைச் சோதித்துக்கொள்ளலாம். அவ்வாறு பார்த்ததில் 1633-உம் 1782-உம் ரிக்டர் காலத்துக்குப் பின் வழங்கும் அளவையில் ஏறத்தாழ 7 என்றும், 1853 அதற்குச் சற்றுக் குறைந்தது என்றும், 1703-உம் 1923-உம் 8-ஐ ஒட்டிய மாபெரும் பூகம்பங்கள் என்றும் தெரியவந்தன. இந்த அளவையில் ஓர் எண் ஏறினால் வெளிப்படும் சக்தி முப்பது மடங்குக்கு மேல் பெருகும். ஆகையால், நம் ஐந்து எண்களில் மூன்று ஒரு ஜாதி, இரண்டு வேறு ஜாதி என்பதை வாசகர்கள் இப்போதே மனத்தில் கொள்ள வேண்டும்.

பூகம்பம் ஏன் திரும்பி வரவேண்டும் என்பதற்கு விடை 1906-ஆம் வருஷத்து சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்திலிருந்து கிடைத்தது. அதற்கு முன்னும் பின்னும் நிலத்தை அளந்தவர்களுடைய கணக்குகளை ஒப்பிட்ட ஹாரி பீல்டிங் ரீட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பிளவின் இருபுறத்து நிலமும் பல வருஷங்களாக மெல்ல மெல்ல வளைந்துகொண்டே வந்து, பிளவு தாங்காமல் நழுவிய கணத்தில் மீண்டும் நிமிர்ந்துகொண்டது என்று 1910-இல் விளக்கினார். இதை வீட்டிலேயே பார்க்கலாம். தானியம் நிறைந்த கனத்த மரப்பெட்டி ஒன்றில் பழைய சைக்கிள் ட்யூபைக் கட்டி, அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, ஒரே வேகத்தில் இழுத்துப் பாருங்கள். பெட்டி உடனே அசையாது; ட்யூப் நீளும்; நீளநீள அதன் விசை ஏறும்; தரையின் பிடியை அந்த விசை மிஞ்சிய கணத்தில் பெட்டி திடீரென்று ஒரு சாண் குதித்து நிற்கும்; ட்யூப் தளரும்; பிறகு மறுபடியும் முதலிலிருந்து. இழுக்கும் கைக்கு ஓய்வில்லை, வேகமாற்றம் இல்லை. ஆனால் பெட்டியின் நகர்வோ நீண்ட நிற்றலும் திடீர்க் குதிப்புமாக இருக்கிறது. கையின் வேகமும் தரையின் பிடியும் மாறாதவரை, குதிப்புகளுக்கிடையே உள்ள இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

ஒடவாராவின் அடியில் அந்தக் கை எது? பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லாமல் பல பெரும் பாளங்களாக இருக்கிறது என்பதையும், அவற்றைப் புவித்தட்டுகள் என்று வழங்குகிறோம் என்பதையும் பலர் அறிவார்கள். பிலிப்பைன் கடல் தட்டு என்ற பாளம் வடமேற்கு நோக்கி வருஷத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து, சகாமி விரிகுடாவின் அடியில் உள்ள நீண்ட பள்ளத்தில் ஜப்பானின் கீழே நுழைகிறது. அப்பள்ளத்தைச் சகாமி அகழ் என்பர். நம் கைவிரல் நகம் வளர்கிற வேகம்தான் அது. ஆனால் எழுபது வருஷத்தில் அது இரண்டு மீட்டருக்குக் குறையாத இழுப்பாகத் திரண்டுவிடுகிறது. இதில் ஒடவாராவுக்கென்று ஒரு விசேஷம் உண்டு. ஊருக்குத் தெற்கே கடலில் நீண்டிருக்கும் இஸு தீபகற்பம், ஒரு காலத்தில் அந்தத் தட்டின் முதுகில் எரிமலைகள் எழுப்பிய நிலம். அது தட்டோடு மிதந்து வந்து, சுமார் பத்து லட்சம் வருஷங்களுக்கு முன் ஜப்பானின் பெருநிலத்தில் மோதி, கனம் குறைந்த பாறையாதலால் கீழே புகமாட்டாமல், முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குக் கிழக்கே உள்ள அதே தட்டின் பகுதியோ தடையின்றிக் கீழே இறங்குகிறது. ஒரே பாளத்தில் ஒரு பாதி நிற்க, மறுபாதி இறங்கினால், இரண்டுக்கும் நடுவே அது கிழிந்தாக வேண்டும் அல்லவா? கிழியும் அந்தக் கோடு ஒடவாராவுக்கு முன்னே, விரிகுடாவின் மேற்கோரத்தில் ஓடுகிறது என்பதே கட்சுஹிகோ இஷிபாஷி என்ற பூகம்ப சாஸ்திரக்ஞர் முன்வைத்த சித்தாந்தம்.

இஷிபாஷி சாதாரண மனிதர் அல்லர். சுருகா விரிகுடாவில் மாபெரும் பூகம்பம் எந்நேரமும் நேரலாம் என்று 1976-இல் அவர் எடுத்துரைத்ததன் விளைவாகவே, பூகம்ப முன்னெச்சரிக்கைக்கென்று ஜப்பான் 1978-இல் தனிச் சட்டம் இயற்றியது. ஒடவாராவைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் வருமாறு: கிழியும் அந்தக் கோட்டில் சுமார் எழுபது வருஷத்துக்கு ஒருமுறை இழுப்பு எல்லை மீறுகிறது. அப்போது பக்கத்தில் உள்ள பெரிய பிளவும் நழுவத் தயாராக இருந்தால், இரண்டும் சேர்ந்து 1703, 1923 போன்ற மாபெரும் பூகம்பமாக வெடிக்கின்றன. அது தயாராக இல்லையானால், கோடு மட்டும் நழுவி, 1633, 1782, 1853 போன்ற உள்ளூர்ப் பூகம்பம் நிகழ்கிறது. இரண்டு ஜாதிப் பூகம்பங்களையும் ஒரே நூலில் கோத்துவிடுகிற இந்தக் கருத்தின் அழகை மறுக்க முடியாது. 1994-இல் பொதுமக்களுக்காக அவர் எழுதிய நூலில், அடுத்தது 1998-ஐ ஒட்டிய சில வருஷங்களில் வரக்கூடும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

அந்த எச்சரிக்கையை ஒடவாரா மக்கள் அலட்சியமாகக் கேட்டிருக்க முடியாது. 1923-இன் அடையாளங்கள் அவர்கள் கண்முன்னே கிடக்கின்றன. அன்று பகல் பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் தொடங்கிய உடைவு, ஒடவாராவுக்கு அருகில் பூமிக்கடியில் ஆரம்பித்துக் கிழக்கே ஓடியது என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு. இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் டோக்கியோவிலும் யோக்கோஹாமாவிலும் தீயில் மாண்டவர்கள் என்றாலும், அதிர்வின் கடுமை ஒடவாராப் பக்கத்தில்தான் மிகுதி. ஊருக்குத் தெற்கே நெபுகாவா என்ற சிற்றூரில், கடலைப் பார்த்த மலைச்சரிவில் அமைந்திருந்த ரயில் நிலையத்துக்குள் ஒரு வண்டி நுழைந்துகொண்டிருந்த சமயத்தில், சரிவு முழுவதும் பெயர்ந்து, நிலையத்தையும் வண்டியையும் அதிலும் மேடையிலும் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களையும் கடலுக்குள் தள்ளிவிட்டது. சற்று நேரத்தில் மேலே மலையிலிருந்து ஓடைவழியே இறங்கிய மண்ணும் கல்லும் கலந்த பெருவெள்ளம் ஊரையே மூடியது.

கோட்டைக்குள்ளும் ஒரு காட்சி இருக்கிறது. மையக் கோபுரம் நிற்கும் மேட்டின் தென்சரிவில், அன்று சரிந்த கல்மதில், எடுத்துக் கட்டப்படாமல், மரங்களுக்கிடையே கிடக்கிறது. ஒவ்வொரு கல்லும் தனித்தனியே சிதறி உருண்டிருந்தால் அது இடிபாடாகத்தான் தோன்றும். இங்கேயோ மதிலின் பெருந்துண்டுகள், அடுக்கிய வரிசை கலையாமல், கல்லுக்குக் கல் பொருந்தியபடியே, முழுத் துண்டாகச் சரிவில் இறங்கிச் சாய்ந்து நிற்கின்றன. ஜப்பானியக் கோட்டை மதிலில் சாந்து கிடையாது. முகப்பில் பெருங்கற்களும், அவற்றின் பின்னே மழைநீர் வடிந்து போவதற்காகச் சிறு கற்களும் மட்டுமே இட்டு, கல்லின் கனத்தையே பிணைப்பாகக் கொண்டு எழுப்புவார்கள். மிதமான அதிர்வில் கற்கள் சற்றே அசைந்து கொடுத்து மீண்டும் அமர்ந்துவிடுவதால் இது நல்ல முறைதான்; ஆனால் கடுமையாகக் குலுக்கும்போது பின்னால் உள்ள சிறு கற்கள் கீழே இறங்கிச் செறிந்து, முகப்பை வெளியே தள்ளத் தொடங்குகின்றன. அதற்கும் அப்பால், மதில் நிற்கும் மேடே நழுவினால், மதில் எவ்வளவு திறமையாகக் கட்டப்பட்டிருந்தாலும் அதோடு போக வேண்டியதுதான். வரிசை கலையாத அந்தத் துண்டுகள், கற்றச்சரின் கைத்திறன் தோற்கவில்லை, காலடி மண்தான் தோற்றது என்பதற்குப் பிரத்தியட்சச் சாட்சி.

1998 வந்தது, போயிற்று. குறித்த சில வருஷங்களும் கடந்தன. இதை எழுதும் நாள் வரையில் ஒடவாராவைத் தாக்கும் அந்த ஆறாவது பூகம்பம் நிகழவில்லை. இதுபோன்ற ஏமாற்றம் ஜப்பானுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்ட் என்ற குக்கிராமத்தில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய வருஷங்களில் ஏறத்தாழ ஒரே அளவான பூகம்பங்கள் நிகழ்ந்திருந்ததைக் கண்ட அமெரிக்க விஞ்ஞானிகள், அடுத்தது 1993-க்குள் வந்தே தீரும் என்று கருதி, அந்தப் பிரதேசம் முழுவதும் கருவிகளைப் புதைத்துக் காத்திருந்தார்கள். அது 2004 செப்டம்பரில்தான் வந்தது. தேதி குறித்துச் சொன்னவர்கள் பிழை செய்தார்கள் என்று இன்று எளிதாகப் பேசிவிடலாம். நான் அப்படிக் கருதவில்லை. மங்கலான வார்த்தைகளில் ஒளிந்துகொள்ளாமல், இந்தக் காலத்துக்குள் வராவிட்டால் என் கருத்து தவறு என்று எவரும் சோதிக்கக்கூடிய விதத்தில் ஒரு சித்தாந்தத்தை நிறுத்துவதே விஞ்ஞானத்தின் தர்மம். 1905-இல் டோக்கியோவுக்கு ஐம்பது வருஷத்துக்குள் பேராபத்து என்று எழுதிய இமாமுரா அகிட்சுனே என்ற பூகம்ப சாஸ்திரக்ஞரை, பீதியைக் கிளப்புகிறார் என்று கண்டித்தவர் அவருடைய மூத்த சகாவான ஓமோரி ஃபுசாகிச்சி. 1923-இன் அதிர்வு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துப் பூகம்பமானியில் பதிவானபோது அதன் அருகிலேயே நின்றிருந்த ஓமோரி, நோயுற்றவராய் நாடு திரும்பி அவ்வருஷ நவம்பரிலேயே காலமானார். சொல்வதற்கும் சொல்லாதிருப்பதற்கும் விலை உண்டு என்பதை இந்தத் துறையினர் அறிவர்.

அப்படியானால் எழுபது வருஷக் கணக்கு எங்கே பிசகியது? முதலாவது, ஐந்து சம்பவங்களுக்கு நடுவே உள்ளவை நான்கே இடைவெளிகள். நான்கு எண்கள் தற்செயலாக நெருங்கி அமைவதற்கு இடமுண்டு. இரண்டாவது, தேர்வு. 1648-ஆம் வருஷத்திலும் இதே பிரதேசம் அதிர்ந்து ஒடவாராக் கோட்டை பழுதுற்றதாகப் பதிவு இருக்கிறது. அது அந்த வரிசையில் சேரவில்லை. சேர்க்காததற்குக் காரணங்கள் காட்டலாம். ஆயினும், ஒழுங்கு கண்ணில் பட்ட பிறகு எது சேரும் எது சேராது என்று தீர்மானிக்கும்போது, ஒழுங்கே நம் தீர்ப்பைத் தன் பக்கம் சாய்த்துவிடும் அபாயம் உண்டு. மூன்றாவது, ஐந்தும் ஒரே கோட்டில் பிறந்தவைதாமா என்பது. கடலடியில் உள்ள கோடு நழுவியிருந்தால் கடல் பொங்கியிருக்க வேண்டும். 1782-இல் கடற்பேரலை எழுந்ததாக வழங்கிய செய்தியை, மூல ஏடுகளை மீண்டும் வாசித்து ஐயத்துக்கு உள்ளாக்கியவர் வேறு யாருமல்லர், இஷிபாஷியேதான். தம்முடைய கருத்துக்கு ஆதரவான சாட்சியையே தாம் குறுக்கு விசாரணை செய்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். கோட்டையின் பதிவு கோட்டையை ஆட்டியது எதுவோ அதைச் சொல்லும். ஆட்டிய பிளவு எது என்பதைச் சொல்லாது.

நான்காவது காரணம் எல்லாவற்றிலும் ஆழமானது. நம் மரப்பெட்டி ஒன்றாக இருந்தவரைதான் குதிப்புகள் சீராக இருந்தன. ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல பெட்டிகளை நிறுத்தி, அடுத்தடுத்த பெட்டிகளையும் ட்யூபால் பிணைத்து, எல்லாவற்றையும் ஒருசேர இழுத்தால் நிலைமை முற்றிலும் மாறிவிடும். ஒரு பெட்டி குதித்தால் அதன் ட்யூப் தளரும், அண்டைப் பெட்டியின் ட்யூபோ விறைக்கும். ஆகவே ஒன்றின் குதிப்பு அடுத்ததை முன்கூட்டியே கிளப்பிவிடலாம், அல்லது நெடுநாள் தாமதப்படுத்தலாம். சில சமயம் ஒன்று மட்டும் அசையும், சில சமயம் எல்லாம் ஒரே பாய்ச்சலில் போகும். பர்ரிட்ஜ், நோபாஃப் என்ற இருவர் 1967-இல் கனமான கட்டைகளையும் விற்சுருள்களையும் இவ்வாறு கோத்து ஆராய்ந்து, இழுப்பு எவ்வளவு சீராக இருந்தாலும் குதிப்புகள் சிறிதும் பெரிதுமாய் ஒழுங்கற்று நிகழ்வதைக் காட்டினார்கள். சகாமி அகழைச் சுற்றி உள்ளவை பல பிளவுகள்; 1923-இன் மாபெரும் நழுவலுக்குப் பிறகு, ஒடவாராவைச் சுற்றிய இழுப்புகளின் நிலை 1853-க்குப் பின் இருந்ததுபோல் இருந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நிர்ப்பந்தமும் இல்லை.

முந்நூறு வருஷ ஏடுகள் போதா என்று தெரிந்ததும், ஆராய்ச்சியாளர் கடற்கரையையே ஏடாகக் கொண்டார்கள். மாபெரும் பூகம்பத்தின்போது இப்பகுதிக் கடற்கரை சட்டென்று உயர்கிறது. மியுரா தீபகற்பத்தின் அபுரட்சுபோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வேலை செய்துவரும் கடல்மட்டமானி, 1923-இல் நிலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்ந்ததையும், அது முதல் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் மறுபடி அமிழ்ந்துகொண்டே வருவதையும் காட்டுகிறது. கீழே இறங்கும் தட்டு மேலுள்ள நிலத்தையும் சேர்த்து இழுக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. விரிகுடாவின் கிழக்கே போசோ தீபகற்பத்தின் தென்முனை 1703-இல் ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்து, அதுவரை அலை அரித்துச் சமனாக்கியிருந்த பாறைத்தளம் கடலுக்கு வெளியே மேடையாக நின்றுவிட்டது. இதைக் கடல்மேடை என்று சொல்லலாம். அதற்கும் மேலே, இன்னும் உயரத்தில், பழைய மேடைகள் படிப்படியாக இருக்கின்றன. உச்சியில் உள்ளது ஆறேழாயிரம் வருஷப் பழமையானது. அவற்றில் சிக்கிக் கிடக்கும் சிப்பிகளிலும் பவழங்களிலும், உயிர் போனது முதல் குறைந்துகொண்டே போகும் ஒருவகைக் கரியணுவின் மிச்சத்தை அளந்து, ஒவ்வொரு மேடையும் எப்போது கடலைவிட்டு எழுந்தது என்று நிர்ணயிக்கிறார்கள். மியுராவில் கோஅஜிரோ என்ற சிறு வளைகுடாவின் சேற்றைத் துளைத்து எடுத்தபோது, அமைதியாகப் படிந்த வண்டலின் நடுவே, கடற்பேரலை வாரியிறைத்த மூன்று தடித்த அடுக்குகள் கிடைத்தன: 1923, 1703, அதற்கு முந்தியது பெரும்பாலும் 1293.

220 வருஷம் ஓர் இடைவெளி. 410 வருஷம் மற்றொன்று. மாபெரும் பூகம்பங்களிலும் நாட்காட்டி ஒழுங்கு இல்லை. ஜப்பானிய அரசாங்கத்தின் பூகம்ப ஆராய்ச்சிக் குழு, ஏடுகளையும் மண்ணையும் மேடைகளையும் சேர்த்துப் பார்த்து, சகாமி அகழில் 8-ஐ ஒட்டிய பூகம்பங்கள் 180 முதல் 590 வருஷ இடைவெளியில் நிகழ்கின்றன என்று 2014-இல் கூறியது; துல்லியம் குறைந்த கூற்று என்று தோன்றலாம், ஆனால் ஆதாரம் இடங்கொடுக்கிற துல்லியம் அவ்வளவே. மேலும், இழுப்பு முழுவதும் அதிர்வாகத்தான் கழிய வேண்டும் என்பதும் இல்லை. செயற்கைக்கோள்களின் துணையோடு நிலத்தின் இருப்பிடத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் ஜப்பானெங்கும் நிறுவப்பட்ட பிறகு, போசோவுக்கு அப்பால் கடலடியில் தட்டின் ஒரு பகுதி, 1996, 2002, 2007, 2011, 2014, 2018 ஆகிய வருஷங்களில், பெரும் அதிர்ச்சி ஏதுமின்றி, ஒரு வாரம் பத்து நாள் என்ற நிதானத்தில் நழுவியிருப்பது தெரியவந்தது. மெல்நழுவல் என்று நாம் பெயரிடக்கூடிய இச்செயலைக் கோட்டைப் பதிவேடு எதுவும் அறிந்திருக்க வழியில்லை.

அதே குழு, 7-ஐ ஒட்டிய நடுத்தரப் பூகம்பங்களுக்கு வேறொரு வழியை மேற்கொண்டது. 1703-க்கும் 1923-க்கும் நடுவே டோக்கியோவை உள்ளடக்கிய தென் கான்ட்டோப் பிரதேசம் முழுவதிலும் இத்தகைய பூகம்பங்கள் எட்டு. 220 வருஷத்தை எட்டால் வகுத்தால் சராசரி இருபத்தேழரை வருஷம். ஒன்று நிகழ்ந்து எத்தனை நாளாயிற்று என்பதைப் பொருட்படுத்தாமல், எந்த வருஷத்துக்கும் வாய்ப்பு ஒன்றே என்று வைத்துக்கொண்டால், அடுத்த முப்பது வருஷத்துக்குள் ஒன்றாவது நிகழும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் எழுபது என்று வருகிறது. டோக்கியோ வாசிகள் அனைவரும் கேட்டுப் பழகிய அந்த எழுபது சதவிகிதம் பிறந்த விதம் இதுதான். அந்த எட்டில் ஒடவாராவின் 1782-உம் 1853-உம் அடக்கம். எழுபது வருஷ வரிசையில் அவற்றுக்கு இருந்த ஸ்தானம் போய், பிரதேசத்தின் பொதுக்கணக்கில் சேர்ந்துவிட்டன.

ஆனால் அந்த எட்டின் தேதிகளைக் கவனித்தால் மற்றொன்று தெரிகிறது. 1703-க்குப் பின் நூற்றைம்பது வருஷத்தில் வந்தது 1782 ஒன்றுதான். மற்ற ஏழும் 1853 முதல் 1922 வரையிலான எழுபது வருஷத்தில் நெருங்கி வந்தவை. மாபெரும் நழுவல் பிரதேசம் முழுவதன் இழுப்பையும் தளர்த்திவிட, முதற்பாதி அமைதியாகவும், இழுப்பு மீண்டும் ஏறிய பிற்பாதி கொந்தளிப்பாகவும் கழிந்ததாக இதற்குப் பொருள் கொள்கிறார்கள். 1923-க்குப் பின் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட இப்போது, அந்த அமைதியான பாதி கழிந்துகொண்டிருக்கிறதா என்பதையே விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். இதற்கிடையே, 1960-இல் கான்க்ரீட்டினால் திரும்ப எழுப்பிய ஒடவாராவின் மையக் கோபுரத்தை 2015-இல் மூடி, பூகம்பம் தாங்கும்படி வலுப்படுத்தி, 2016 மே மாதத்தில் மீண்டும் திறந்திருக்கிறார்கள்.